பிரியம் என்னுடையது, செலவு யாருடையது?

2025 பிப்ரவரியில் புனே நகரம் பூனைகளால் நாடெங்கும் பேசப்பட்டது. ஹடப்சர் பகுதியில் ஓர் அடுக்ககம். அதில் ஒரே ஃபிளாட்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட பூனைகள். நாற்றம் தாங்கவில்லை, ராத்திரியெல்லாம் கத்தல் என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். 48 மணி நேரத்துக்குள் பூனைகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார்கள். 2020இல் அங்கே ஐம்பது பூனைகள்தான் இருந்தன என்றார்கள் குடியிருப்போர். ஐம்பது முந்நூறாவதற்கு மாய மந்திரம் தேவையில்லை. பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நான்கைந்து குட்டி. ஒரு வீட்டில் கருத்தடை விட்டுப்போனால் எண்ணிக்கை தன்போக்கில் ஏறும்.

செய்தியைப் படித்தவர்கள் உடனே இரண்டு கட்சியானார்கள். என்ன ஈர நெஞ்சம் என்றது ஒன்று. இது நோய் என்றது மற்றது. என் கவனம் இந்த இரண்டிலும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் போனது. அவர் பூனை கேட்டவரில்லை, பூனைக்குப் பெயர் வைத்தவருமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக அவருடைய மூக்கும் தூக்கமும் அந்தப் பூனைகளுக்காகச் செலவாகிக்கொண்டிருந்தன. பூனைகளை வளர்த்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வளர்ப்புப் பிராணிக்கு உரிமையாளர் ஒருவர்தான். ஆனால் அதை வளர்ப்பது நான்கு வீடு. இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாததில்தான் நாய், பூனை, புறா, செடி பற்றிய அண்டைவீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. நான் ஒன்றின் மீது வைக்கும் பிரியத்துக்கு ஒரு செலவு உண்டு. அது யார் தலையில் விழுகிறது?

நான் குடியிருப்பது புனேயின் மேற்குப் பக்கம். இங்கே எந்த அடுக்ககத்துக்கும் 'சொசைட்டி' என்றுதான் பெயர். ஒரு காலத்தில் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் இன்று ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களை ஒட்டி எல்லாத் திசையிலும் பரவிவிட்டன. வாடாக்கள் என்னும் பழைய முற்றத்து வீடுகளை இடித்துக் கட்டிய மாடிகளில் முற்றம் இல்லை. முற்றத்து ஆசைகள் மட்டும் மிச்சம். எனவே துளசியும் ரோஜாவும் கறிவேப்பிலையும் பால்கனிக்கு ஏறிவிட்டன. மூன்றாம் மாடியில் தொட்டிக்கு நீர் விட்டால் இரண்டாம் மாடியில் காயும் குர்டயி வடாம் மீது செம்மண் சொட்டுகிறது. தண்ணீர் விட்டவர் தம் செடியை மட்டுமே பார்க்கிறார், பச்சையாக, அழகாக. கீழே குனிந்து பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

இங்கே யாரும் கெட்டவரில்லை என்பது முக்கியம். செலவு அவருக்குத் தெரிவதில்லை. விஷயத்தின் அமைப்பே அப்படி. பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வளாகத்தில் ஒரு பூனை, தன் வீட்டில் ஒரு நாளும் அசுத்தம் செய்ததில்லை என்று பெயர் வாங்கியது. உண்மைதான். அது காலையில் இறங்கிவந்து, நாங்கள் ஆஜி என்றழைக்கும் தரைத்தளத்துப் பாட்டியின் பூப்பாத்தியில் மண்ணைப் பறித்துக் காரியத்தை முடித்து, நாகரிகமாக மூடிவிட்டுப் போகிறது. புதிதாகக் கிளறிய மண் என்றால் பூனைக்குத் தனிப் பிரியம். ஆகவே அதை வளர்ப்பவர் வீடு எவ்வளவு சுத்தமோ அந்த அளவுக்கு ஆஜியின் பாத்தி பாழ்.

நாய் விஷயம் இன்னும் விசித்திரம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகலெல்லாம் தனியாக அடைந்து கிடக்கும் நாய், அவர்கள் போன பிறகுதான் ஊளையிடுகிறது. சாவிச் சத்தம் கேட்டதும் வாலாட்டுகிறது. அந்தக் கட்டடத்தில் அதன் அழுகையைக் கேட்டறியாத ஆட்கள் அதன் சொந்தக்காரர்கள் மட்டுமே. "எங்க பையன் குரைக்கவே மாட்டானே" என்று அவர்கள் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. தாங்கள் அறிந்த உண்மையைச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கோ அது பச்சைப் பொய்யாகக் கேட்கிறது. அடுத்த வார்த்தை தடிக்கிறது.

புறாவுக்கு வருவோம். மாடப்புறாவின் மூதாதைகள் பாறை இடுக்குகளில் வாழ்ந்தவை. நம் அடுக்ககத்தின் ஏசிப் பெட்டி மேடையும் குழாய்கள் இறங்கும் டக்ட்டும் அதற்குப் பாறை இடுக்கேதான். புனே வீடுகளில் சமையலறையை ஒட்டி 'டிரை பால்கனி' என்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவ. வலை அடிக்காத டிரை பால்கனி புறாவுக்குப் பிரசவ அறை. இந்த நிலையில் யாராவது ஒருவர் புண்ணியம் என்று காலையில் ஒரு படி தானியம் இறைக்கிறார். தானியம் தின்ன வரும் நூறு புறாவும் அவர் வீட்டிலேயே குடியிருப்பதில்லை. சுற்றியுள்ள எல்லா மேடைகளிலும் அமர்கின்றன. உலர்ந்த எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து, நாள்பட்டால் நுரையீரலே தடித்து இறுகிவிடுகிறது. புனே மாநகராட்சி பொது இடத்தில் புறாவுக்குத் தீனி போடுபவர்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கியது இதனால்தான். மும்பையில் 2025இல் விவகாரம் தெருவுக்கே வந்தது. புறாக்களுக்குத் தீனி போடும் தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியதும், தீனி போடுவதைத் தம் அறமாகக் கருதியவர்கள் ஆகஸ்டில் அதைக் கிழித்தெறிந்ததும் நாம் தொலைக்காட்சியில் பார்த்தவை. புண்ணியம் ஒருவர் கணக்கில், இருமல் இன்னொருவர் கணக்கில்.

புறா என்றதும் தமிழ் மனம் சிபியிடம் போகும். சோழர்கள் தம் குலமுதல்வர்களில் ஒருவனாக எண்ணிப் பெருமைப்பட்டவன். புறாவையும் காப்பாற்ற வேண்டும், பருந்தின் பசிக்கும் பதில் சொல்ல வேண்டும். அவன் தராசைக் கொண்டுவரச் சொன்னான். ஒரு தட்டில் புறா; இன்னொரு தட்டில் அவன் வைத்தது தன் உடம்பின் சதையை. அரசன்தானே, ஆட்டுக்கறி வரவழைத்திருக்கலாம். குடிமக்களில் ஒருவனைக் கைகாட்டியிருக்கலாம். செய்யவில்லை. முல்லைக்குப் பாரி கொடுத்தது தன் தேர். மயிலுக்குப் பேகன் போர்த்தியது தன் போர்வை. இந்தக் கதைகளைச் சிறு வயதில் கேட்டபோது இவர்களுடைய இரக்கத்தின் அளவு வியப்பாக இருந்தது. சொசைட்டிக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய பிறகு வேறொன்று கண்ணில் படுகிறது. மூவரும் தம் கையிலிருந்து கொடுத்தார்கள். இரக்கம் தங்களுடையது என்றால் அதன் விலையும் தங்களுடையது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. தேர் கொடுப்பது மடமை என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மடமையால் பறம்பு மலையில் வேறு யாரும் தம் வண்டியை இழக்கவில்லை.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது, அதன் வறண்ட மொழியில். ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962இல் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், எத்தனை பேர் கைதூக்கினாலும் ஒரு சொசைட்டி செல்லப்பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்கின்றன. அதே வழிகாட்டுதல்கள் நாய் வளர்ப்போரிடம், பொது இடத்தில் நாய் அசுத்தம் செய்தால் நீங்களே அள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொள்கின்றன. 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள், தெருநாய்களுக்கு உணவிட இடம் ஒதுக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடம் தருகின்றன. அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் வாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும், உணவிடுபவர் அங்கே குப்பை சேரவிடக் கூடாது என்று சேர்த்துச் சொல்கின்றன. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பத்துப் பன்னிரண்டு நாளில் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னபோதும் உணவிட இடம் குறித்தாக வேண்டும் என்றது. அன்புக்கு இடம் உண்டு, அள்ளுவதற்கு ஆளும் இருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம். ஆனால் நடப்பதென்ன? நாய்க் கட்சி முதல் பாதியை அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறது, எதிர்க்கட்சி இரண்டாம் பாதியை.

இதுவரை சொன்னதில் வளர்ப்பவரே குற்றவாளிபோல் தெரியலாம். மற்றவர் கணக்கையும் பார்க்க வேண்டும். புகார் செய்பவரும் பல நேரம் தம் செலவை இன்னொருவர் மீது தள்ளிவிட்டு நிம்மதி அடைகிறார். 48 மணி நேரத்தில் முந்நூறு பூனைகள் எங்கே போகும்? 'வேறிடம்' என்பது காலி நிலமா என்ன, அங்கேயும் யாரோ குடியிருக்கிறார்கள். வீட்டு உரிமையாளரின் நெருக்குதலால் இரவில் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடப்படும் நாய், தன் எசமானரின் சமாதானத்துக்காகக் கட்டணம் செலுத்துகிறது. சில இடங்களில் சோற்றில் விஷம் வைப்பதும் நடக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு அதைக் குற்றம் என்கிறது. சாட்சி சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. இரண்டு வீட்டுச் சண்டையில் வாயில்லாத மூன்றாமவர் மீதே கடைசியில் பில் எழுதப்படுகிறது.

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் எதையுமே பொறுக்கக் கூடாதா? பொறுக்கத்தான் வேண்டும். நெருங்கி வாழ்வதென்றாலே ஒருவர் செலவில் இன்னொருவர் கொஞ்சம் வாழ்வதுதான். விநாயகர் விழாவுக்கு வாரக்கணக்கில் முன்பே முட்டா ஆற்றங்கரையில் டோல்-தாஷா மேளக் குழுக்கள் ஒத்திகை தொடங்கிவிடுகின்றன. மாலையானால் நெஞ்சுக்கூடு அதிரும். புனே முணுமுணுத்துக்கொண்டே அதைத் தாங்குகிறது, அது எல்லாருடைய விழா என்பதால். மேல் வீட்டுக் குழந்தை பல் முளைக்கும் வேதனையில் அழுதால் யாரும் மனு எழுதுவதில்லை. மறுநாள் லிஃப்டில் அந்தத் தாய், "நேத்து உங்க தூக்கமும் போச்சு, இல்லையா காக்கூ?" என்று கேட்டுவிடுகிறாள்; அதோடு தீர்ந்தது. சத்தத்தின் அளவைவிட, தான் படும் பாடு ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே மனிதருக்குப் பெரிது.

இந்த ஊருக்கென்று ஒரு தனிக்கலை உண்டு, வாசல் பலகை எழுதுவது. மதியம் ஒன்று முதல் நான்குவரை மணி அடிக்காதே, வண்டியை இங்கே நிறுத்தாதே, பூஜைக்கு என் செடியில் பூப் பறிக்காதே என்று குத்தலும் இலக்கணச் சுத்தமுமாக எழுதித் தொங்கவிடுவார்கள். புனேரிப் பலகைகளை ரசித்துத் தொகுத்தவர்களும் உண்டு. நானும் நின்று படித்துச் சிரிக்கிறவன்தான். ஆனால் நாய் பற்றிய பலகையை நாய் படிப்பதில்லை. நாயைக் கூட்டிவருபவர், அது தம்மைக் குறிக்காது என்று நினைக்கிறார். பலகையின் இன்றைய வாரிசு சொசைட்டி வாட்ஸ்அப் குழு. 'சிலர் தம் பொறுப்பை உணர வேண்டும்' என்று ஒருவர் எழுதுவார். எழுபது பேர் படிப்பார்கள். அந்தச் 'சிலர்' மட்டும் கட்டைவிரல் உயர்த்திவிட்டுப் போவார்.

எங்கள் ஆஜி பலகை எழுதும் தலைமுறைதான். ஆனாலும் பகலில் ஊளையிடும் அந்த நாயை வளர்க்கும் இளைஞனை ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழைத்தார். "இதைக் கேளு பாளா" என்று தம் கைபேசியில் பதிந்திருந்ததை ஓடவிட்டார். மதியம் இரண்டு மணி ஊளை. அவன் முகம் மாறிவிட்டது. "இவன் குரைக்கலையே ஆஜி, அழறானே" என்றான். புகாராக வந்திருந்தால் வாதாடியிருப்பான். தன் நாயின் துயரமாக வந்ததால் அவனால் வாதாட முடியவில்லை. இப்போது மதியத்தில் ஓர் ஆள் வந்து நாயை வெளியே நடத்திப் போகிறார். அவருக்கு மாதச் சம்பளம் அவன் கையிலிருந்து. பூனைக்காரம்மா ஆஜியின் பாத்திக்குக் கம்பிவலை வாங்கிப் பரப்பிக் கொடுத்தார். மண்ணுக்கு மேல் வலை கிடந்தால் பூனைக்குப் பறிக்க வராது. வலையின் கண்கள் வழியே செவ்வந்தி வளர்ந்துவிடும்.

நாயோ பூனையோ வீட்டுக்குக் கொண்டுவரும்போது நாம் நம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் தெரிந்தவைதான். இடம் இருக்கிறதா, நேரம் இருக்கிறதா, மருத்துவருக்குப் பணம் இருக்கிறதா. புனேயில் மாநகராட்சி உரிமம் எடுத்தாயிற்றா என்பதும் உண்டு. நாய்க்கு மட்டும் கேட்டதை 2022இல் பூனைக்கும் விரிவாக்கினார்கள். உரிமத்தோடு தடுப்பூசியும் வருவதால் அது நல்லதே. இந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வியும் சேர வேண்டும். நான் வீட்டில் இல்லாதபோது இதன் சத்தம், மயிர், மலம் யாரிடம் போகும்? அவர் பெயர் எனக்குத் தெரியுமா? தெரியாதென்றால், பிராணி வருவதற்கு முன்பே போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். புகாரோடு தொடங்கும் பழக்கம் பெரும்பாலும் புகாரோடேயே நின்றுவிடுகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. 'நாயே இருக்கக் கூடாது' என்பது கோரிக்கை ஆகாது, அது தீர்ப்பு. 'மதியம் இரண்டு மணிக்கு என் மாமியாரால் தூங்க முடியவில்லை' என்பது கணக்கு. தீர்ப்புக்கு மேல்முறையீடுதான் வரும். கணக்கைக் காட்டினால் அதைத் தீர்க்கவாவது ஒரு வழி பிறக்கும். ஐம்பது பூனையாக இருந்தபோதே கேட்டிருந்தால் ஹடப்சரில் நடந்தது நடந்திருக்காது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. சில பிடிவாதங்களுக்குச் சட்டம் வந்துதான் தீரும். ஆனால் அப்படிப்பட்டவை அபூர்வம் என்பதால்தான் அவை செய்தியாகின்றன. செய்தியாகாத மற்ற எல்லா வீடுகளிலும், தன் பிரியத்துக்கு இன்னொருவர் எவ்வளவு கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அறிந்து, முடிந்ததைத் தன் கையிலிருந்து கட்டி, முடியாததற்கு நன்றியாவது சொல்லிவிட்டால் போதும். நாயும் இருக்கலாம், நாமும் இருக்கலாம்.