எத்தனை வாட் வழிபாடு?

வழிபாட்டு இசைக்குழுவுக்கு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்களிடம் கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை வாட் வேண்டும் என்பதைத்தான். டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க வேண்டும், பாடகரை அமுக்கிவிடக் கூடாது என்று கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தச் சத்தம் யாருக்காக? கடவுளுக்கா, கூடியிருப்பவர்களுக்கா, அங்கே வராதவர்களுக்கா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் இருந்த சர்ச் ஆஃப் காட் சபையின் ஜெபக்கூடத்தில் டிரம்செட், கிட்டார் முதலிய வாத்தியங்கள் இருந்தன. சத்தம் பொறுக்க முடியவில்லை என்று குடியிருப்போர் நலச்சங்கம் வழக்குத் தொடுத்தது. சத்தமெல்லாம் சாலையில் ஓடும் வண்டிகளுடையது என்றது சபை. அதில் உண்மையும் இருந்தது. ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை எதிர்த்துச் சபை மேல்முறையீடு செய்ய, 2000 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷாவும் எஸ்.என். புகனும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். பிறர் அமைதியைக் குலைத்துத் தொழும்படி எந்த மதமும் விதிக்கவில்லை, ஒலிபெருக்கியும் மேளமும் வழிபாட்டுக்குக் கட்டாயமில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சரி. ஆனால் மதங்களில் சத்தத்துக்கு இடமே இல்லை என்று அதைப் படித்துவிடக் கூடாது. பேரொலி எழுப்பும் கைத்தாளங்களால் கடவுளைத் துதிக்கச் சொல்கிறது 150ஆம் சங்கீதம். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவதே வேண்டாத சொல் எதுவும் காதில் விழாதிருக்கத்தான் என்பார்கள். தவிலும் நாகஸ்வரமும் ஊர்வலத்துக்கும் திறந்த வெளிக்கும் ஏற்ற வாத்தியங்கள். இன்னொரு பக்கம், வாய்விட்டுச் செய்யும் ஜபத்தைவிட உதடு மட்டும் அசையும் ஜபம் உயர்வு, அதைவிட மனத்துக்குள் செய்வது உயர்வு என்று மனுஸ்மிருதி தரம் பிரிக்கிறது. தொழுகையில் குரலை மிக உயர்த்தாமலும் மிகத் தாழ்த்தாமலும் நடுவழியைத் தேடச் சொல்கிறது குர்ஆனின் 17ஆம் அத்தியாயம். உங்கள் தெய்வம் தூங்குகிறதோ என்னவோ, இன்னும் உரக்கக் கூப்பிடுங்கள் என்று பாகாலின் பூசாரிகளை எலியா கேலி செய்த கதை பைபிளிலேயே இருக்கிறது.

முரண்போலத் தோன்றும் இவற்றை ராமானுஜர் கதை ஒன்று சேர்த்துவைக்கிறது. திருக்கோஷ்டியூரில் குரு ரகசியமாகச் சொன்ன திருமந்திரப் பொருளை அவர் கோயிலின் உயரத்தில் ஏறி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் என்பது வைணவ மரபு. அந்த உரத்த குரல் பெருமாளுக்காக எழவில்லை; அதுவரை கேட்க வாய்ப்பில்லாதிருந்த மனிதர்களுக்காக எழுந்தது. எங்கும் நிறைந்தவன் என்று நம்பப்படுகிறவனுக்குக் காது மந்தம் என்று எந்தச் சமயமும் சொல்வதில்லை. வழிபாட்டில் சத்தம் எப்போதுமே மனிதர்களுக்கானது. மனிதர்களுக்கானது என்றால் அதற்கு அளவும் உண்டு. பல கோயில்களில் பூசை வேளையில் மோட்டார் போட்டு ஓட்டும் மின்சார மேளத்தில் யார் யாருக்காகத் தட்டுகிறார்கள் என்பது விளங்காத விஷயம்.

கூடிப் பாடுவதில் அந்த அளவு எது? பக்கத்தில் நிற்பவர் பாடுவது காதில் விழ வேண்டும். அது விழாத இடத்தில் சபை ரசிகர் கூட்டமாகிவிடுகிறது. இங்கே வாட் கணக்கு உதவும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகப் பட ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 100 தருவதைப் பொருத்தினாலே அந்த 3 கிடைத்துவிடும். பெரும்பாலும் குறை வாட்டில் இல்லை, வைக்கும் இடத்தில்தான். ஆம்ப்ளிஃபயர் தரையில், வாசிப்பவரின் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும். கீச்சொலி நேர்கோட்டில் பாய்வதால் அவர் காதுக்கு அது எட்டாது. அவர் குமிழைத் திருகத் திருக, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் காதில் அறையும். பெட்டியை ஸ்டூல்மேல் ஏற்றிக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மூடிய கூடத்தில் டிரம்ஸ் சர்வசாதாரணமாக 100 டெசிபலைத் தொடும். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி அந்த அளவில் காது தாங்கக்கூடியது நாளுக்கு 15 நிமிடம்.

கூடத்துக்கு வெளியே இருப்பவரின் கதை வேறு. உள்ளே இருப்பவர் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். வீட்டில் இருப்பவர் எங்கே போவார்? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன; பொது இடத்தின் எல்லையில் இதற்கு மேல் 10 டெசிபல் வரை பொறுத்துக்கொள்கின்றன. மாதவரத்துக்கும் கொடைக்கானல் மேல்மலையில் ஏரிக்கரையும் படிக்கட்டு வயல்களுமாக இருக்கும் கூக்காலுக்கும் இதே எண்தான். மாதவரத்தில் லாரிச் சத்தம் பாதியை விழுங்கிவிடும். கூக்காலில் விழுங்க எதுவுமில்லை. போதாததற்கு, மலை இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கனக்க, மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்குகிறது. பகலில் பக்கத்து வயலோடு நிற்கும் பாட்டு அப்போது பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவு வரை கேட்கும். சட்டப்படி சரியான சத்தம் அங்கே நியாயமான சத்தம் ஆகிவிடாது.

ஆகவே அம்மாதிரி ஊரில் சிறு கூடத்துக்கு 15 முதல் 30 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரோ, 50 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரோ தாராளம். அதுவும் போதவில்லை என்றால் குறைக்க வேண்டியது டிரம்ஸை. வாங்குவதற்கு முன் குழுவை வாசிக்கவிட்டு, ஒருவர் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுவிட்டு வரட்டும். அந்த வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.