விட்டுவைத்த கப்பல்

வவுணதீவு, மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் இருக்கிறது. வலையிறவுப் பாலம் தாண்டி நகருக்கு வந்து, நகரையும் கடந்தால்தான் கடல். உள்நாட்டுப் போரில் பொம்மர் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இன்னும் இந்தப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று அந்தக் கடலில் நடந்ததை எடைபோடும் உரிமை அவர்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம்.

திருகோணமலை தாக்கப்படும் என்று அறிந்து முதல்நாள் இரவே தெற்கு நோக்கிப் புறப்பட்டிருந்தது பிரித்தானியாவின் ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. ஜப்பானியக் கப்பல்களிலிருந்து 85 ஐச்சி ரகப் பொம்மர்கள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் இருவர்: முன்னால் விமானி, அவருக்கு முதுகு காட்டி, வானொலியையும் துப்பாக்கியையும் பார்த்துக்கொள்பவர். செங்குத்தாகப் பாய்ந்து, கப்பலின் மேல்தளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் உயரம்வரை இறங்கி 250 கிலோ குண்டை விடுவதே அவர்கள் கற்ற வித்தை. ஹேர்மிஸ் சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் தப்பவில்லை.

அருகில் இன்னொரு கப்பல் இருந்தது. அது வீட்டா என்ற மருத்துவக் கப்பல். வெள்ளை உடலில் செஞ்சிலுவை பொறித்திருந்தது. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி அதைத் தொடக்கூடாது. அவர்கள் தொடவில்லை. நீரில் தத்தளித்த ஏறத்தாழ 600 பேரை வீட்டா ஏற்றிக்கொண்டு போனது.

இந்த நன்மையை எந்தக் கணக்கில் எழுதுவது? சட்டம் விலக்கியதைச் செய்யாமல் இருந்ததற்குப் பாராட்டு எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சட்டம் தானாக யாரையும் காத்ததில்லை. இதே வீட்டாவை ஓராண்டுக்கு முன் தொப்ரூக்கில் ஜெர்மன் பொம்மர்கள் குண்டுவீசிச் செயலிழக்கச் செய்தன. அதே 1942இன் பெப்ரவரி 19 அன்று, டார்வின் துறைமுகத்தில் மனுண்டா என்ற மருத்துவக் கப்பலும் குண்டுபட்டது. டார்வினைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிகளில் அகாகி, ஹிர்யு, சோர்யு ஆகிய மூன்றும் ஏப்ரலில் இலங்கைக் கடலுக்கு வந்த அணியிலும் இருந்தன. மனுண்டாவின் மேலும் சிலுவை இருந்தது.

ஆகவே வீட்டா தப்பியது இறந்த 307 பேரின் கணக்கைக் குறைக்காது. அது வேறொரு வேலையைச் செய்கிறது. விமான எதிர்ப்புச் சூட்டுக்கு நடுவில், உயிரைக் கையில் பிடித்திருக்கும் அந்தச் சில நொடிகளில்கூட எது அடிக்கத்தக்கது, எது அல்லாதது என்று மனிதக் கண்ணால் பிரித்தறிய முடியும் என்பதற்கு அது சாட்சி. முடியும் என்று ஒருமுறை நிரூபணமானால், முடியவில்லை என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். கருணைக்காக அந்த விமானிகளைப் புகழ்வதைவிட இப்படிச் சாட்சியாகக் கொள்வதே அவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் செய்யும் நேர்மை.

பொம்மரில் இருந்தவன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன்தானே என்ற வாதம் இங்கே பாதி வலுவிழக்கிறது. ஹேர்மிஸைத் தாக்கும் உத்தரவை விமானிகள் மறுத்திருக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். போர்க்கப்பல் போரின் இலக்குத்தான். ஆனால் எந்தத் தளத்தை நோக்கி மூக்கைத் திருப்புவது என்ற கடைசி முடிவு விமானியின் கையில்தான் இருந்தது.

மிக உயரத்தில் பறப்பவருக்கு இது பொருந்தாது என்பது இன்னொரு வாதம். அப்போது பொறுப்பு மறைவதில்லை; அந்த உயரத்தையும் இலக்கையும் தேர்ந்தவரிடம் போகிறது. 1995 யூலை 9 அன்று யாழ்ப்பாணத்தின் நவாலியில், இடம்பெயர்ந்தவர்கள் அடைக்கலம் புகுந்திருந்த தேவாலயத்தின் மீது குண்டு விழுந்தது. விமானத் தாக்குதலே காரணம் என்று செஞ்சிலுவைச் சங்கம் அப்போதே அறிவித்தது. மேலிருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது, தெரியாமலிருந்தால் ஏன் குண்டை விட்டார்கள்? நவாலிக்காக யாரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.