தீப்பந்தம் ஏந்தியவள்

ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில் ஒரு சிறிய எண்ணெய் வண்ண ஓவியம் வருகிறது. காங்கோவில் ஒரு வணிக நிலையத்தில் கதைசொல்லி மார்லோ அதைப் பார்க்கிறான். வரைந்தவன் கர்ட்ஸ், யானைத் தந்தம் சேர்க்க ஆற்றின் மேற்பகுதிக்குப் போனவன். கண்ணைத் துணியால் கட்டிய பெண் ஒருத்தி எரியும் பந்தத்தோடு கம்பீரமாக நடக்கிறாள். பின்னணி ஏறக்குறைய முழுக் கறுப்பு. பந்த வெளிச்சம் பட்ட அவள் முகத்தில் ஏதோ விபரீதம் தெரிகிறது.

நாகரிக வெளிச்சம் கொண்டுவருவதாகச் சொன்ன ஐரோப்பாவே பார்வையற்று இருந்தது என்பது வழக்கமான விளக்கம். சரிதான். ஆனால் என் மனம் அந்த முகத்தில்தான் நிற்கிறது. கண் கட்டியிருக்கிறதே, பந்தம் அவளுக்கு எப்படி வழி காட்டும்? இருட்டில் நிற்பவர்களுக்கு அது அவள் முகத்தைக் காட்டுகிறது. வெளிச்சம் கொண்டுவந்தவர்களின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தவர்கள் இருட்டில் நின்ற அந்த மக்களே. அவர்களோ ஓவியத்தில் இல்லை. கறுப்பு வண்ணமாகப் பூசப்பட்டுவிட்டார்கள். ஆப்பிரிக்காவை வெறும் பின்புலமாக்கிய நாவல் என்று 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே சாடினார். அதற்கு நாவலுக்குள்ளேயே இருக்கும் சாட்சி இந்த ஓவியம் என்பேன்.

ஏரியூரிலிருந்து நாகமரைப் பரிசல்துறைக்குப் போய் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஓவியம் நினைவுக்கு வரும். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை. காவிரி டெல்டா வயல்களுக்கு அது தந்த தண்ணீரை நான் குறைத்துப் பேசமாட்டேன். நீர்த்தேக்கத்துக்கு அன்றைய மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயர். தண்ணீர் வடிந்தால் எதிர்க்கரைப் பண்ணவாடிப் பக்கம், அணைக்காக மூழ்கிய ஊர்களின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அங்கே விளக்கேற்றிக் கும்பிட்டவர்கள் எங்கே போனார்கள்? நீர்மட்டம் 120 அடியைத் தொட்டதா என்று ஆண்டுதோறும் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை. நம் அணைக் கதையிலும் அவர்கள் கறுப்புப் பின்னணிதான்.

அடுத்தவருக்கு நல்லது செய்யக் கிளம்பும் எவரையும், அரசானாலும் ஆசிரியரானாலும் பெற்றவரானாலும், அந்த ஓவியத்தின் முன் நிறுத்த விரும்புகிறேன். எதிரே நிற்பவரைப் பார்த்துவிட்டுத்தான் பந்தத்தைத் தூக்கினோமா?

ஏரியூர்ப் பக்கம் உங்கள் வீட்டில், மூழ்கிய ஊர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இருந்தால், ஊர்ப் பெயர், குலதெய்வம், விட்டு வந்த கிணறு, காடு எல்லாவற்றையும் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.