அறுபது டிகிரி

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைக் கடக்கிறவர்களுக்குச் சவீதா பல் மருத்துவக் கல்லூரியைத் தெரியாமல் இருக்காது. 2023 ஜூனில் அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழ் அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு நீண்ட செய்தி வெளியிட்டது. இளநிலை மாணவர்கள் ஐந்நூறு பேர் தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்து, நான்கு மணி நேரத்தில் ஆளுக்கு 1,500 சொல்லில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். அவை செப்பனிடப்பட்டு இதழ்களுக்குப் போகின்றன. அதே கல்லூரியின் பழைய கட்டுரைகள் அவற்றில் கொத்துக் கொத்தாக மேற்கோள் காட்டப்படுகின்றன என்றது செய்தி. 2022இல் மட்டும் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் 1,400க்கும் மேற்பட்ட வெளியீடுகள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பல் மருத்துவப் பிரிவின் முதலிடம் அந்தக் கல்லூரிக்கு.

செய்த வேலையை எழுதப் பழகுவது நல்ல பயிற்சிதான். சொந்தக் கல்லூரியின் கட்டுரையை மேற்கோள் காட்டுவதும் குற்றமல்ல. தனித்தனியாகப் பார்த்தால் எதையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. கூட்டிப் பார்த்தால்தான் உறுத்துகிறது. அந்தக் கல்லூரியை மட்டும் நோக்கிக் கை நீட்டுவதிலும் எனக்கு விருப்பமில்லை. கட்டுரை எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று அறிவித்துவிட்டு, எண்ணிக்கை பெருகிவிட்டதே என்று வியப்பது நம் ஊர் வழக்கம்.

ஆவடிப் பக்கம் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்தச் செய்தியின் வேர் வேறு எங்கோ தெரிந்தது. பிளஸ் டூ ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒன்று உண்டு. முப்பட்டகத்தை மேடையில் வைத்து, இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணத்தை வெர்னியரில் படித்து, பட்டகக் கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை அறுபது டிகிரி. அது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் ரெக்கார்டில் இருக்கிறது, அக்கா ரெக்கார்டில் இருக்கிறது. ஆகவே மாணவன் என்ன செய்கிறான்? இரு அளவுகளுக்கும் வித்தியாசம் அதன் இரு மடங்கான நூற்றிருபது வரவேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, பின்னோக்கிப் போய் ரீடிங்குகளை எழுதிக்கொள்கிறான். இதற்குப் பெயரே உண்டு: 'பேக் கால்குலேஷன்'. ஒழுங்காகப் பார்த்து ஐம்பத்தேழு என்று எழுதியவளுக்கு மதிப்பெண் குறைகிறது. கண்ணாடி வழியே பார்க்காதவனுக்கு முழு மதிப்பெண். (வேதியியலில் நிலைமை இன்னும் கலகலப்பு. சோதனைக் குழாயைத் தொடுவதற்கு முன்பே உப்பின் பெயர் ஜன்னல் வழியாக வந்துவிடும்.) பதினேழு வயதில் இதைப் படித்துக்கொண்டவர்களுக்கு இருபத்தேழு வயதில் ஆய்வு நேர்மை பற்றி இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறோம்.

யு.ஜி.சி. 2018இல் கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிகள் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. ஆய்வேட்டில் அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. நல்ல விதிதான். ஆனால் பத்துக்குள் வந்துவிட்டதா என்பது மட்டுமே இப்போது கேள்வியாகிவிட்டது. சொற்களை மாற்றிப் போட்டு விழுக்காட்டைக் குறைத்துத் தரவும் ஆள் கிடைக்கும். யாரும் எடுக்காத ரீடிங்கை எந்த மென்பொருளும் பிடிக்காது. அது நூறு விழுக்காடு சொந்தப் படைப்பு.

திருப்பதி நமக்குத் தொலைவில்லை, சப்தகிரி ரயில் ஏறினால் போய்விடலாம். அங்குள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் சிரஞ்சீவி, 2004 முதல் 2007 வரை ஏறத்தாழ எழுபது கட்டுரைகளைத் திருடியோ புனைந்தோ 25 இதழ்களில் வெளியிட்டார் என்பது 2008இல் அம்பலமாயிற்று. எழுபது வரை போக முடிந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பக்கத்து அறைக்காரர்களுக்கு அவருடைய ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்காதா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை தவறான அளவில் உதிரி பாகம் அனுப்பினால், மறு வாரமே லாரியில் திரும்பி வரும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். யார் ஷிஃப்ட், எந்த மெஷின் என்று தேடுவார்கள். பொய்க் கட்டுரைக்கு அந்தத் தொல்லை இல்லை. அது திரும்புவதே அபூர்வம். மேற்கோளாகி, மேற்கோளின் மேற்கோளாகி, ஒருநாள் யாரோ ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டு வரை போய்விடலாம். திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பு என்று என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காரர்கள் 2025இல்தான் விழித்துக்கொண்டார்கள்.

தானாகத் திருப்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். 2018இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சிஸ் ஆர்னால்ட், 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த தம் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனையை மறுபடி செய்தபோது அதே முடிவு வரவில்லை. முதல் ஆசிரியரின் ஆய்வக நோட்டைப் புரட்டினால் முக்கியமான சோதனைகளுக்கு அன்றன்று எழுதிய பதிவுகள் இல்லை. வேலை மிகுதியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஆர்னால்ட் வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார். நோபல் பரிசு அவரிடமேதான் இருக்கிறது.

கவனியுங்கள், கடைசியில் போய்ப் பார்த்தது நோட்டைத்தான். நம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் அதை எடுத்து வரச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. ஆய்வேட்டுக்குக் கோல்டு எம்போசிங் அட்டை போடுகிறோம், சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிறோம், சால்வை போர்த்துகிறோம். அடித்தல் திருத்தலோடு, ஐம்பத்தேழும் அறுபத்திரண்டுமாக இருக்கும் அந்த நோட்டையும் சேர்த்துச் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் சொல்லிப் பார்க்கலாம். பிளஸ் டூவுக்கும் இதையே சொல்வேன்: விடைக்கு இரண்டு மதிப்பெண் போதும், ஐம்பத்தேழு ஏன் வந்தது என்று எழுதினால் எட்டு. பல்கலைக்கழகத்துக்கு ஆகும் செலவு, துறைக்கு ஓர் இரும்பு பீரோ.