குவியலும் கருவூலமும்

பொருளை ஈட்டுவது எளிது; ஈட்டியதைப் பிறர்க்கும் பயன்படுமாறு வைப்பது அரிது. செல்வத்துக்குரிய இவ்வுண்மை கல்விக்கும் பொருந்துமா? தமிழாசிரியரும் மாணவரும் இன்று சிந்திக்க வேண்டிய வினா இது.

முன்னாளில் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பெற வேண்டுமாயின், நூலகம் சென்று கையால் படியெடுத்தனர். எழுதும் உழைப்பிலேயே பாதிக் கட்டுரை நெஞ்சில் பதிந்தது. இன்றோ விரலசைவில் நூறு கட்டுரைகள் கணினிக்குள் வந்து சேர்கின்றன. பெயரின்றியும் வகையின்றியும் கிடக்கின்றன. சேர்த்தவர்க்கோ அவற்றைக் கற்றுவிட்டது போன்ற நிறைவு தோன்றிவிடுகிறது. சிராங்கூன் சாலை மளிகைக் கடையொன்றில் மிளகும் கடுகும் வெந்தயமும் ஒரே சாக்கில் கலந்து கிடந்தால், அதனைக் கடை என்று எவரும் கூறார். கணினியில் கிடக்கும் கலவையை மட்டும் கல்வி என்று கூறலாமோ?

“சேர்த்தது என் பொருள், அதை எவ்வாறு வைத்தால் பிறர்க்கென்ன?” என்று கேட்பாரும் உளர். அவர்க்கு விடை, கோட்டையூர் ரோஜா முத்தையாவின் வாழ்வில் உண்டு. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த அவர், நூல்களும் இதழ்களும் பிறவுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தார். அத்தொகுப்பை வாங்கிய சிகாகோ பல்கலைக்கழகம் அதனைக் கடல்கடந்து கொண்டு செல்லாது சென்னையிலேயே வைக்க, 1994-இல் அஃது ஆராய்ச்சி நூலகமாயிற்று. பட்டியலிடும் பணியும் நுண்படமெடுக்கும் பணியும் அங்கே நடந்தமையால், பல நாட்டு ஆய்வாளர்க்கும் அது பயன்பட்டது. சேர்த்தவர் மறைவார், சேர்த்தது நிற்கும். ஆகவே, எத்தொகுப்பும் முழுவதும் ஒருவர்க்கே உரியதன்று.

சிங்கப்பூரும் இவ்வறத்தை அறிந்த நாடே. 2015-இல் நாட்டின் பொன்விழாவையொட்டி, அருண் மகிழ்நன் தலைமையில் தன்னார்வத் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களுள் ஏறத்தாழ 350-ஐ மின்வடிவாக்கினர். இத்தகைய பணியில் பக்கங்களைப் படமாக்குவது பாதியே. ஆசிரியர் பெயரும் தலைப்பும் ஆண்டும் பிழையறப் பதியப்பட்டால்தான் தேடுவோர்க்கு வாயில் திறக்கும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் காலத்தை வீணாக்காமை. நூலகர்க்கு வகுத்த அவ்விதி தனிமனிதர்க்கும் அறமாகும். அதனைக் கடைப்பிடிக்கப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு என்னும் வரிசையில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பெயரிடலாம், பொருள்வாரியாகப் பிரிக்கலாம், மற்றொரு படியை வேறிடத்தில் காக்கலாம். இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு: அக்கட்டுரையை ஏன் வைத்துக்கொண்டோம் என்பதைத் தம் சொல்லில் இரண்டு வரி எழுதுதல். அவ்விரு வரி எழுத வரவில்லையேல், கட்டுரை இன்னும் படிக்கப்படவில்லை என்பது தெளிவு. முன்னாளில் படியெடுத்த கை செய்த பணியை இன்று அவ்விரு வரிகளே செய்யும்.

ஆசிரியர் ஓய்வுபெற்ற பின்னும் அவர் தொகுப்பு ஒரு மாணவர் கையில் சேரக்கூடும். அன்று அம்மாணவர் காண்பது குவியலா, கருவூலமா என்பதை, இன்று இடும் பெயரும் எழுதும் குறிப்புமே முடிவு செய்யும்.