அடக்கமும் அமைதியும்

ஹிஞ்சேவாடியில் குடியேறிய நாம், ஆண்டுதோறும் ஆளந்தியினின்று புனே வழியே பண்டரிபுரம் செல்லும் ஞானேசுவரர் பல்லக்கை அறிவோம். அதனுடன் கர்நாடகத்து அங்கலியிலிருந்து வரும் குதிரைகளுள் ஒன்று, 'ரிங்கண்' வட்டத்தில், பேரிரைச்சலுக்கிடையே, முதுகில் ஆளின்றியே ஓடும்.

குதிரையோ அஞ்சி ஓடியே பிழைத்த இனம். இளங்குதிரையை மேளத்தருகே இறுகக் கட்டி ஓயச் செய்யலாம். தொலைவில் முழக்கி, அதன் செவி தளர்ந்து தலை தாழும்வரை பொறுத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அணுகவும் செய்யலாம். காண்பார்க்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் முன்னது பழகிய குதிரையன்று. தப்ப வழியில்லையென்று மரத்து நிற்பது. விறைத்த கழுத்தும் வெறித்த கண்ணும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

மராத்தி வகுப்பில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் நம் குழந்தையை 'நல்ல பிள்ளை' என்கிறார் ஆசிரியை. மகிழ்ச்சிதான், வீட்டிலும் அது பேசாதிருக்கிறதா?