சித்தப்பாவின் ஒரு வண்டி

போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவதென்று முடிவானபோது நான் செய்த முதல் வேலை எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்ததுதான். ஆறு மாடல்கள். வருஷம், ஓடிய கிலோமீட்டர், விலை, கடைசிக் கட்டத்தில் நம்பகத்தன்மை ரேட்டிங். மூன்று இடங்களிலிருந்து எடுத்த ரேட்டிங்குகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, சராசரி போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர்கூட அடித்து வைத்திருந்தேன். பச்சையில் முதலிடத்தில் ஒரு வண்டி வந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதைப் பற்றி உங்களிடமும் ஒரு கதை இருக்கும்.

சித்தப்பாவிடம் இருந்தது. போன் செய்து மாடல் பெயரைச் சொன்னதும், "அந்த வண்டியா? வேணாம்டா. வேற எது வேணா வாங்கு" என்றார்.

அவர் அதை வைத்திருந்தவர். கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டியைக் கண் ஆபரேஷனுக்காக மதுரைக்கு அழைத்துப்போன ஒரு ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. துவரங்குறிச்சி தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நாலு வழிச்சாலையில் புளியமரம் ஏது? ஒரு பாலத்தின் நிழலில் துண்டை விரித்துப் பாட்டியை இரண்டரை மணி நேரம் உட்கார வைத்திருந்தார். எஞ்சின் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், பில் 62,000 ரூபாய். வாங்கி மூன்று வருஷம்கூட ஆகாத வண்டி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் சொன்னேன்: "சித்தப்பா, உங்களுது ஒரே ஒரு வண்டி. நான் பாத்தது ஆயிரக்கணக்கான வண்டியோட டேட்டா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிப்பா. அந்த ஆயிரத்துக்கும் சேத்து நான்தான் ரோட்ல நின்னேன் போல" என்று வைத்துவிட்டார். அவர் 'டா' போடாமல் பேசினால் கோபம் என்று அர்த்தம்.

கணக்குப்படி நான் சொன்னது சரி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அன்று இரவு முழுக்க, ஒருவரை அவமதித்துவிட்ட மாதிரி இருந்தது. சரியான ஒன்றைச் சொல்லியும் ஒருவருக்குத் தப்பு செய்துவிட முடியுமா என்பதுதான் அப்போதிருந்து என்னைக் குடைகிற கேள்வி.

இந்தச் சண்டை பழையது. ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கற்பனைச் சூழலைத் தருகிறார்கள். நீங்கள் ஒரு கார் வாங்க வேண்டும். நுகர்வோர் பத்திரிகை வால்வோ நல்லது என்கிறது, அதை வாங்கிய பல நூறு பேரும் அதையே சொல்லியிருக்கிறார்கள். வாங்குவதென்று தீர்மானித்து ஒரு விருந்துக்குப் போகிறீர்கள். அங்கே தெரிந்தவர் ஒருவர் பதறுகிறார். அவருடைய மைத்துனர் வால்வோ வாங்கினாராம். முதலில் எரிபொருள் செலுத்தும் கம்ப்யூட்டர் போயிற்று, பிறகு கியரும் கிளட்சும் போயின, மூன்றே வருஷத்தில் இரும்புக்கடைக்கு வண்டியைத் தள்ளிவிட்டார். நிஸ்பெட் கேட்பது இதுதான்: இந்தக் கதையால் உங்களுக்குப் புதிதாக என்ன தெரிந்துவிட்டது? பல நூறு பேரோடு இன்னும் ஒருவர் சேர்ந்தார். சராசரி தலைமுடி அகலம் நகரும், அவ்வளவுதான். ஆனால் நம்மில் யாரும் மறுநாள் காலை வால்வோ ஷோரூமுக்குப் போகமாட்டோம்.

கல்லூரியில் இதை முதலில் படித்தபோது விசில் அடிக்காத குறை. மனித மனசு கதைக்கு மயங்கும், எண்ணுக்கு மயங்காது. நான் எண்ணின் பக்கம் என்று ஒரு சின்ன கர்வம். சித்தப்பா போனை வைத்த பிறகு மறுபடி யோசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த விருந்தில் மைத்துனர் இல்லை. மூன்று வருஷம் மெக்கானிக் ஷெட்டில் கழித்த மனுஷன் அங்கே வரவேயில்லை, அவர் சார்பாக ஒரு கதை மட்டும் வந்திருக்கிறது. அவர் எதிரே உட்கார்ந்திருந்தால், 'உங்களால் எண்ணிக்கை ஒன்று கூடியது, நன்றி' என்று நம்மால் சொல்ல முடியுமா? நான் சொல்லியிருக்கிறேன், திருச்சிக்கு போன் போட்டு.

சரி, அந்த ஆயிரக்கணக்கான வண்டிகளின் டேட்டா எங்கிருந்து வருகிறது? வேடிக்கை என்னவென்றால், அதுவும் பெரும்பாலும் சித்தப்பாக்களிடமிருந்துதான். அமெரிக்காவில் 1936 முதல் இயங்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் விளம்பரமே வாங்குவதில்லை. பரிசோதிக்கிற கார்களைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறது. ஆனால் ஒரு கார் வருஷக்கணக்கில் எப்படி உழைக்கும் என்பதை அந்த ஒற்றைக் காரை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத் தன் உறுப்பினர்களிடம் கேள்வித்தாள் அனுப்பி, உங்கள் வண்டியில் என்னென்ன போயிற்று என்று கேட்கிறது. 1968இல் தொடங்கிய ஜே.டி. பவர் நிறுவனமும் கார் வாங்கியவர்களைத்தான் கேட்கிறது. மஸ்டாவின் ரோட்டரி எஞ்சினில் ஒரு ரப்பர் வளையம் கொஞ்ச தூரம் ஓடியதும் கெட்டுப்போகிறது என்று எழுபதுகளின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது அந்த நிறுவனம்தான். நிறுவனரின் மனைவி ஜூலி, வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, திரும்பி வந்த கேள்வித்தாள்களை எண்ணும்போது அது பிடிபட்டது. நிறுவனம் பேர் வாங்கியதே அதில்தான்.

அதாவது ரேட்டிங் என்பது வேறு உலகத்திலிருந்து வந்த சத்தியம் கிடையாது. சொந்த அனுபவங்களின் மூட்டைதான். மூட்டை கட்டும்போது ஒவ்வொரு அனுபவத்திலிருந்தும் பாலம், துண்டு, பாட்டி எல்லாம் உதிர்ந்துவிடும். 'எஞ்சின்: ஆம்' என்ற ஒரு டிக் மட்டும் மிஞ்சும்.

எதை டிக் செய்கிறோம் என்பதிலும் குழப்பம் உண்டு. ஜே.டி. பவர் நூறு வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறது. போன் புளூடூத்தில் சேரவில்லை என்றால் ஒரு பிரச்சினை, எஞ்சின் நின்றுபோனாலும் ஒரு பிரச்சினை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பெரிய கோளாறுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது. ஜெர்மனியில் ஏடிஏசி என்ற மோட்டார் சங்கம், நடுரோட்டில் நின்று தங்களைக் கூப்பிட்ட வண்டிகளைக் கணக்கெடுக்கிறது. மூன்றும் 'நம்பகத்தன்மை'தான். என் எக்செல் ஷீட்டில் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எலுமிச்சை, எருமை, எட்டாம் நம்பர் பஸ், சராசரி என்ன?

சொந்த அனுபவத்துக்கு மட்டும் கறை இல்லையா என்ன. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984இலிருந்து 2010 வரை ஒரு தொழிற்சாலை நடத்தின. (இப்போது அங்கே டெஸ்லா தயாராகிறது.) ஒரே அசெம்பிளி லைனில், அதே தொழிலாளர்கள் கையால், டொயோட்டா கரோலாவும் ஜியோ பிரிஸமும் வெளிவந்தன. தோலைக் கழற்றினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கார். ஆனால் பழைய கார் சந்தையில் கரோலாவுக்குத்தான் விலை அதிகம். முன்னால் ஒட்டியிருந்த பெயர் ஒருவருக்கு நிம்மதியையும் இன்னொருவருக்குச் சந்தேகத்தையும் கொடுத்திருக்கிறது. கதவு கிரீச்சிட்டால் ஒருவர் எண்ணெய் விடுவார், இன்னொருவர் 'அப்பவே சொன்னாங்க' என்பார். ஏழு வருஷம் இஎம்ஐ கட்டுகிற நம்ம ஊர் ஆளிடம் வண்டி எப்படி என்று கேட்டுப் பாருங்கள். 'சூப்பர்ங்க' என்பதைத் தவிர வேறு பதில் வராது. வந்தால் அவருக்கு இரவு தூக்கம் போய்விடும்.

இன்னொன்று, ஒன்றும் ஆகாத வண்டிக்குக் கதை கிடையாது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்ததை ஆறு வருஷம் யாரும் கல்யாண வீட்டில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். சித்தப்பா சொன்னார். கேட்டு நாலைந்து பேராவது அந்த மாடலை விட்டுவிட்டு வேறு ஏதோ வாங்கியிருப்பார்கள், ஒருவேளை அதைவிட மோசமானதை. அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மையை மட்டும் சொல்லியே பிறரைத் தவறான பக்கம் அனுப்பிவிட முடியும் என்பது எனக்கு உண்மையிலேயே பயமான விஷயம்.

இவ்வளவும் சேர்ந்தால் நான் ஜெயித்த மாதிரிதான். ஆனால் கணக்கின் கண்ணுக்கு எட்டாத ஓர் இடம் இருக்கிறது. அது தெரியவந்த கதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது.

2010இல் அங்கே ஓர் இளம்பெண் தன் செவர்லே கோபால்ட் காரில் போகும்போது விபத்தில் இறந்துபோனார். வண்டி ஓடும்போதே அணைந்துபோகிறது என்று சொல்லி அதற்குச் சில நாள் முன்புதான் டீலரிடம் விட்டு வாங்கியிருந்தார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய வக்கீல் அமர்த்திய இன்ஜினியர், அந்த வண்டியின் சாவி ஸ்விட்சையும் பிற்பாடு கடையில் விற்ற அதே பார்ட் நம்பர் ஸ்விட்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றில்லை. உள்ளேயிருந்த ஒரு சிறு பாகம் புதியதில் நீளமாக இருந்தது. பழைய ஸ்விட்சில் பிடிமானம் போதாது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ சாவி தானாகத் திரும்பும். எஞ்சின் அணையும், ஸ்டீயரிங் இறுகும், மோதினால் ஏர்பேக் விரியாது. கோளாறைச் சரிசெய்தவர்கள் பார்ட் நம்பரை மாற்றாமல் விட்டிருந்தார்கள். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நஷ்டஈட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

வகுத்துப் பாருங்கள். சுமார் 21,000 வண்டிக்கு ஒரு சாவு. நூறு வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிற எந்தப் பட்டியலிலும் இது அசைவாகக்கூடத் தெரியாது. இறந்தவர்களுக்குக் கேள்வித்தாள் போவதும் இல்லை.

அந்த இன்ஜினியர் எத்தனை வண்டி என்று கேட்கவில்லை. இந்த வண்டியில் என்ன ஆயிற்று என்று கேட்டார். நிஸ்பெட்டின் கணக்கில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. மைத்துனரின் கதையைக் கூட்டலில் ஒன்றாகச் சேர்க்கலாம் அல்லது ஒதுக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டர் ஏன் போயிற்று என்று அவரிடமே கேட்பது மூன்றாவது வழி. எண் எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு வண்டிக்குள்தான் கிடக்கும்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றில் சுரீர் என்றது. துவரங்குறிச்சிக் கதையில் ஒரு கடைசிப் பகுதி உண்டு; கேட்டுக் கேட்டுப் பழகியதால் காதில் விழாமலே போயிருந்தது. சர்வீஸ் சென்டரில் பில்லை நீட்டியவன் சித்தப்பாவிடம் சொன்னது: "சார், இந்த மாடல்ல இப்படி ஒரு கம்ப்ளைண்டே வந்ததில்ல." நான் போனில் சொன்னதும் அதேதான், இன்னும் கொஞ்சம் நாகரிகமாக. அவன் பணத்துக்காகச் சொன்னான். நான் எதற்காகச் சொன்னேன்? என் பச்சைக் கட்டம் பச்சையாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை வாங்கலாமா என்று கேட்கவில்லை. "அன்னிக்கு என்னதான் ஆச்சு சித்தப்பா?"

முப்பது வருஷம் திருவெறும்பூரில் கொதிகலன் வேலை பார்த்த மனுஷன். தண்ணீர், அழுத்தம், சூடு இதெல்லாம் அவருக்குப் பாலர் பாடம். அந்த மனிதருக்கு நான் சராசரி பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன்.

"ரெண்டு மாசமா கூலன்ட் எறங்கிட்டே இருந்துச்சுடா. ரெண்டு தடவ சர்வீஸ்ல சொன்னேன். எங்க போவுதுன்னு பாக்கல, ஊத்தி ஊத்தி அனுப்பினான். அடியில ஒரு ஹோஸ் கிளாம்ப் லூசு. ஆறிக் கெடக்கும்போது ஒழுகாது, சூடாகி பிரஷர் ஏறுனாத்தான் கசியும். கேஜ் ஏறுனத நானும் லேட்டாத்தான் பாத்தேன், பாட்டி பேசிட்டே வந்துச்சு."

"அப்ப வண்டி மேல தப்பு இல்லையா?"

"கிளாம்ப்ப யாரு போட்டா? அது வண்டி இல்லையா?" என்றார் முதலில். கொஞ்சம் விட்டு, "கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். எவனும் கேக்கல. எல்லாரும் ஐயோ பாவம்னானுங்க, இல்ல உங்க ராசின்னானுங்க. நீ ஒருத்தன்தான் டேட்டான்ன" என்றார்.

அந்த வண்டியைத்தான் வாங்கினோம். ரேட்டிங்கை நம்பித்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் என் மெக்கானிக்கிடம் கீழே படுத்து அந்த ஹோஸ் கிளாம்ப்பைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றார்.

பொங்கலுக்குச் சித்தப்பா வந்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து கூலன்ட் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார்.

"வாரா வாரம் பாரு. எறங்கினா எனக்கு போன் பண்ணு. அவன்கிட்ட போவாத."